அம்மா தூங்கும் நேரத்து ஊர்

சி ஷிஃப்ட் என்னும் இரவு வேலை வாரங்களில் காலை ஏழரை மணிக்கு என் மனைவி வீட்டுக்குள் வருவாள். எட்டு மணிக்கு நானும் மகளும் வீட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். எங்கள் வீடு ஓசூரில் ஒரு லைன் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, நடுவே கதவு கிடையாது. மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. அவள் விழித்திருக்கும் வீட்டில் இன்னொருவர் தூங்குவது நடக்காத காரியம். தூங்குகிறவரின் இமையை விரலால் தூக்கி, "உள்ள இருக்கியா?" என்று கேட்பாள்.

மனைவிக்கு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. லென்ஸுக்கு அடியில் அரிசியைவிடச் சின்னதான பாகங்களை வைத்து, ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும். இரவு முழுக்க. நான் சாயங்காலம் நான்கு மணியிலிருந்து எட்டு வரை ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லித் தருகிறேன். அதனால் பகல் என் பொறுப்பு.

இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த மாதம் அவளுடைய தூக்கத்துக்கு வேறு மதிப்பு வந்துவிட்டது. ட்ரெய்னியாக இருந்தவர்களில் யாரைப் பெர்மனென்ட் ஆக்குவது என்று மாதக் கடைசியில் முடிவு செய்யப் போகிறார்கள். அதற்கு முந்தைய சி ஷிஃப்டில் அவள் இரண்டு தடவை லென்ஸ் மேலேயே கண் அசந்துவிட்டாள். லைன் லீடர் அவளைவிடச் சின்னப் பெண். அதட்டவில்லை. "அக்கா, மூணாவது தடவன்னா நான் எழுதித்தான் ஆவணும்" என்று காதருகே வந்து சொன்னாளாம். அதே வாரம் ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் அசந்து தூங்கி, எங்கள் ஸ்டாப்பில் இறங்காமல் சூளகிரி வரைக்கும் போய்விட்டாள். அங்கிருந்து போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"சூளகிரில நிக்கறேன். ஒருத்தரும் என்னை எழுப்பல."

அன்றைக்கே முடிவு செய்தேன். அடுத்த சி ஷிஃப்ட் வாரம், ஆறு நாளும், எட்டிலிருந்து இரண்டு வரை, வீட்டில் ஒரு சத்தம் இருக்கக் கூடாது.

எனக்கு ஒரு வேலை என்று வந்துவிட்டால் முதலில் பட்டியல் போட வேண்டும். போனில் ஒரு கட்டம் வரைந்தேன். இடம், நிழல் உண்டா, தண்ணீர் உண்டா, பாத்ரூம் உண்டா, பாப்பா என்ன பார்ப்பாள், எந்த பஸ். மாலில் இருக்கும் விளையாட்டு இடத்தை முதலிலேயே அடித்துவிட்டேன். அங்கே அரை மணிக்கு ஒரு காசு, வெளியே இழுத்து வரும்போது அழுகை இலவசம். மிச்சம் பதினொரு இடம் தேறியது. ரயில்வே ஸ்டேஷன், மலைக்கோயில் படிகள், பூ மார்க்கெட், ஏரிப் பூங்கா, லாரிகள் தெரியும் மேம்பாலத்து ஓரம், ஜேசிபி வரிசையாக நிற்கும் ஒரு காலி மனை, தளி பஸ். பதினொன்றையும் ஆறு நாளுக்குப் பிரித்துப் போட்டுவிட்டு, ஏதோ பெரிய புராஜெக்ட் முடித்தவன் மாதிரி மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இதுல உனக்குப் புடிச்சது எது, பாப்பாவுக்குப் புடிச்சது எது?" என்று கேட்டாள். ரெண்டும் ஒன்றுதானே என்றேன்.

முதல் நாள் ஸ்டேஷன். ரயில் வந்தது. "ரயிலு! பாரு, ரயிலு!" என்று நான் குதித்தேன். பாப்பா எடை பார்க்கும் மெஷினில் சுற்றும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் போய்விட்டது. அடுத்தது எப்போது என்று எனக்குத் தெரியாது, காத்திருக்கவும் பொறுமையில்லை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மேம்பாலத்து ஓரத்துக்கு நடந்தேன். புத்தம்புது ஸ்கூட்டர்களை அடுக்கிக்கொண்டு லாரிகள் கர்நாடகா பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம். பிறகு ஜேசிபி. இரண்டு நாளைக்கு என்று வைத்திருந்த இடங்கள் பத்தரை மணிக்குள் தீர்ந்துவிட்டன. மிச்ச நேரத்துக்குக் காய்கறி மார்க்கெட்டில் சும்மா சுற்றினோம். அங்கே ஒரு தக்காளி வியாபாரி பாப்பாவிடம் தெலுங்கில் பேசினார், அவள் பதிலுக்குத் தக்காளியைக் கடித்தாள்.

ஒவ்வொரு இடத்திலும் போட்டோ எடுத்தேன். எடுத்த உடனே மனைவிக்கு அனுப்பினேன். சி ஷிஃப்ட் வாரம் முழுக்க மகளின் காலை நேரத்தை அவள் பார்ப்பதே இல்லை. தூங்கி எழுந்து பார்க்கட்டும், ஒன்றுவிடாமல் சேர்த்து வைப்போம் என்று நினைத்தேன். நினைப்பு நல்லதுதான்.

இரண்டாம் நாள் பூ மார்க்கெட். நாங்கள் போனபோது ஏலம் முடிந்து, விலை போகாத ரோஜாவையும் சாமந்தியையும் ஓர் ஓரத்தில் கொட்டியிருந்தார்கள். இடுப்பளவுக் குவியல். பாப்பா என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். நான் யார் கத்தப் போகிறார்களோ என்று பார்த்தேன். கூடை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா கன்னடத்தில் "பா புட்டி, பா" என்று அவளைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கூடையை அவள் தலைமேலேயே கவிழ்த்தார். பாப்பா ரோஜாவுக்குள் காணாமல் போய், தும்மிக்கொண்டே வெளியே வந்தாள். நான் வீடியோ எடுத்து அந்த நிமிடமே அனுப்பினேன். அந்த நிமிடமே ஒரு சிவப்பு இதயம் வந்தது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இன்னும் நான்கு போட்டோ அனுப்பினேன்.

இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"தூங்கினியா?"

"ம்."

அந்த "ம்" எனக்குச் சரியாகப் படவில்லை. யாரோ சத்தம் போட்டிருக்கிறார்கள். நேராக மாடிக்குப் போய் வீட்டுக்காரம்மாவிடம், காலையில் தண்ணீர் மோட்டார் போடாமல் இருக்க முடியுமா என்று கேட்டேன். "மோட்டார் போடலன்னா நீங்க எதுல குளிப்பீங்க, காத்துலயா?" என்றார். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொன்னேன். எதிர் வீட்டு அக்காவிடம் குக்கர் விசில் பற்றிப் பேச வாய் திறந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் தளி பஸ். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "பாப்பாவுக்கு ஃப்ரீ. அவங்கம்மா வந்திருந்தா அவங்களுக்கும் ஃப்ரீ. நீங்க எதுக்கு சார் வந்தீங்க?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ் ஏற ஏறக் குளிர்ந்தது. இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் தோட்டம். "பந்து, பந்து" என்று பாப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். தளியில் இறங்கி, டீ குடித்து, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே அவளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, அடுத்த பஸ்ஸில் திரும்பினோம். நிற்க எனக்கு என்ன இருக்கிறது? இடத்தைப் பார்த்தாயிற்று. பட்டியலில் ஒரு டிக் போட்டாயிற்று. திரும்பும்போது பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். தூங்கும் முகத்தையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். "என் தங்கம்" என்று பதில் வந்தது.

பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தூங்கியவள் வீட்டுக்கு வந்ததும் புது பேட்டரி போட்ட பொம்மை மாதிரி ஆகிவிட்டாள். நான் டியூஷனுக்குக் கிளம்பும்போது மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாப்பா அவள் காலின்மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அவள் தலை ஒரு பக்கமாக விழுந்து, திடுக்கென்று நிமிர்ந்தது. லென்ஸ் முன்னால் இப்படித்தான் விழுந்திருக்கும் என்று தோன்றியது.

நான்காம் நாள் ஏரிப் பூங்கா. வார நாளில் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பூங்காவில் யார் இருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. நடைப்பயிற்சிக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள். ஏழெட்டு அம்மாக்கள், ஆளுக்கு ஒரு குழந்தை, ஆளுக்கு ஒரு டிபன் பை. ஒருவருக்கும் அவசரமில்லை. நான் உட்கார்ந்ததும் பக்கத்து பெஞ்சில் இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, பேரா ஊரா?

"சி ஷிஃப்டா?"

ஆமாம் என்றேன். அவர் தலையசைத்தார். அங்கே இருந்த எல்லோருமே சி ஷிஃப்ட் வீட்டுக்காரர்கள்தான். யார் எந்தக் கம்பெனி என்பதுதான் வித்தியாசம். டயர், பிரேக், கடிகாரம், மருந்து. போன வாரம் இங்கே வேறு கூட்டம் இருந்ததாம். அடுத்த வாரம் இவர்கள் இருக்க மாட்டார்கள். தூங்குகிறவர்களை வீட்டில் விட்டுவிட்டு, தூங்காதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் ஒரு ஊர், முறை வைத்துக்கொண்டு அங்கே வந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த அக்கா ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் பிரேக் கம்பெனி, மாமனாருக்கு மளிகைக் கடை. கையில் மூன்று வயதுப் பையன்.

"ஆனா என்னாண்ணா, ஆம்பள வந்து நான் இங்க பாத்ததில்ல. உங்கூட்ல அவங்க நைட் போறாங்களா?"

"ஆமாக்கா."

"நல்லாருக்குது. என் வீட்டுக்காரர்கிட்ட சொல்றேன். வயிறெரிவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பாப்பா சறுக்குமரத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடி, அவள் சறுக்குவதை எடுத்து, அனுப்பி, ஊஞ்சலை எடுத்து, அனுப்பி, ஏரியில் கொக்கு நின்றது, அதையும் எடுத்து அனுப்பினேன். போன் ஒவ்வொரு தடவையும் டிங் என்று பதில் சொன்னது. பெஞ்சுக்குத் திரும்பியபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்குண்ணா அனுப்பினு இருக்கீங்க?"

"பாப்பா அம்மாவுக்கு. காலைல எல்லாத்தையும் மிஸ் பண்றா இல்ல, அதான்."

"அவங்க எங்க இருக்காங்க?"

"வீட்ல. தூங்கறா."

அக்கா என் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தூங்கறவங்க எப்பிடிண்ணா ஹார்ட் போடுவாங்க?"

பக்கத்தில் இருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "நாம என்னாத்துக்குக் கொழந்தையத் தூக்கினு ரோடு ரோடா சுத்தறோம்? நீங்க என்னடான்னா தூங்கற ஆளுக்கு சினிமா ஓட்டினு இருக்கீங்க!"

போனை எடுத்து மேலே தள்ளிப் பார்த்தேன். எட்டு ஐம்பது, இதயம். ஒன்பது இருபது, சிரிப்பு முகம். பத்து ஐந்து, "என் தங்கம்". பதினொன்று, இதயம், இதயம். நான்கு நாளாக அரை மணிக்கு ஒரு தடவை அவளைத் தட்டி எழுப்பியது நான்தான். வீட்டுக்காரம்மாவின் மோட்டாரும் இல்லை, எதிர் வீட்டுக் குக்கரும் இல்லை. பதினொரு இடத்தைப் பட்டியல் போட்டவனுக்கு இது உறைக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் ஒரு போட்டோகூட அனுப்பவில்லை. காரணத்தை அவளிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் என் முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். மலைக்கோயில் படி என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். போகும் வழியில் மனசு மாறி, பாகலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் நின்றுகொண்டிருந்தது, காலியாகவும் இருந்தது, வேறு காரணம் தேவையா? போன் பையிலேயே இருந்தது. பத்தே முக்காலுக்கு அது அடித்தது.

"பாப்பாவுக்கு என்னா?"

"ஒண்ணுமில்லையே. நல்லாத்தான் இருக்கா."

"அப்புறம் ஏன் காலைல இருந்து ஒண்ணும் வரல? எங்க இருக்க?"

"பாகலூர் பஸ்ல."



"படின்னு சொல்லிட்டுப் போன. படியில விழுந்துட்டாளோன்னு ரெண்டு மணி நேரமா முழிச்சினு இருக்கேன். நீ பஸ்ல போயினு இருக்க!"

வீட்டுக்கு வந்ததும் சண்டை. அதைச் சண்டை என்றும் சொல்ல முடியாது, சத்தம் போட அவளுக்குத் தெம்பில்லை. நான் பூங்கா அக்கா சொன்னதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன். போனை ஆஃப் செய்துவிட்டுத் தூங்கு என்றேன்.

"போட்டோ வந்தாப் பாக்கணும். வரலன்னா ஏன் வரலன்னு யோசிக்கணும். ஆஃப் பண்ணிட்டா, உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும்னா யாரு எனக்குச் சொல்றது?"

"நான் இருக்கேன் இல்ல?"

"நீ எங்க இருப்பன்னுதானே தெரியல! ஸ்டேஷன்னு சொல்லுவ, ஜேசிபிகிட்ட நிப்ப. கண்ணை மூடினா நீங்க எங்கன்னு தேடினே இருக்கேன்." பாயை விரித்துக்கொண்டே சொன்னாள். "நேத்து நைட்டு அந்த லைன் லீடர் பொண்ணு என் பின்னாடி வந்து பத்து நிமிஷம் நின்னுச்சு. ஒண்ணும் சொல்லல. நின்னுட்டுப் போயிடுச்சு."

நான் போனை எடுத்துப் பட்டியலைத் திறந்தேன்.

"ஒரு இடம் சொல்லு" என்றாள். "ஒரே இடம். அங்கேயே இரு. நான் போனை ஆஃப் பண்ணிடறேன்."

ஒரே இடம், ஆறு மணி நேரம். கல்லூரியில் மூன்று மணி நேரத் தேர்வை இரண்டு மணி நேரத்தில் எழுதிவிட்டு வெளியே ஓடியவன் நான். அது அவளுக்கும் தெரியும், அதே ஹாலில்தான் எழுதினாள்.

"ஏரிப் பூங்கா" என்றேன். "ரெண்டு மணி வரைக்கும். நகர மாட்டேன்."

ஆறாம் நாள். பூங்காவுக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டைத் தாண்ட வேண்டும். அன்றைக்கு என்று பார்த்து தளி பஸ் இன்ஜின் ஓட நின்றுகொண்டிருந்தது. "பஸ்ஸு! பந்து பஸ்ஸு!" என்று பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டு, "வாங்க சார், இன்னைக்கும் டிக்கெட்தானா?" என்றார். என் கால் தானாகத் திரும்பியது. நிஜமாகவே திரும்பியது. கம்பியைப் பிடிக்கப் போன கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வேகமாக நடந்தேன். பாப்பா பூங்கா வாசல் வரைக்கும் அழுதாள்.

அக்கா அதே பெஞ்சில் இருந்தார். "இன்னைக்கு சினிமா இல்லியா?"

"இல்லக்கா. தியேட்டரை மூடியாச்சு."

ஒன்பதரைக்குள் சறுக்குமரமும் ஊஞ்சலும் முடிந்துவிட்டன, எனக்கு. பாப்பாவுக்கு முடியவில்லை. ஒழுகும் குழாய் ஒன்று இருந்தது. அடியில் சின்னதாகச் சேறு. டிபன் டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டு போய், குழாயில் பிடித்து, நான்கு எட்டு நடந்து, ஒரு வேப்பங்கன்றுக்கு ஊற்றினாள். வழியிலேயே பாதி சிந்திவிடும். மறுபடி போய்ப் பிடித்தாள். மறுபடி. மூடியில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தாள். அக்காவின் பையனும் தன் டப்பா மூடியோடு வந்து சேர்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவே ஏதோ முறை உண்டானது, அவன் பிடிக்கும்போது இவள் காத்திருந்தாள். எனக்குக் கை அரித்தது. பைக்குள் இருந்த போனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பதினோரு மணிக்கு எழுந்துவிட்டேன். மலைக்கோயில் பக்கம்தானே, ஒரு நடை போய்விட்டு ஒரு மணிக்குள் திரும்பிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

"ஒக்காருண்ணா" என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கொழந்தையே ஒரு எடத்துல இருக்குது."

உட்கார்ந்தேன். ஆறு மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தயிர்சாதம் ஊட்டினேன். கொக்கு அதே இடத்தில் நின்றது, பொறாமையாக இருந்தது. பன்னிரண்டரைக்குப் பாப்பா சேற்றுக் கையோடு என் மடியில் ஏறிப் படுத்து, போன் இருந்த பக்கமே தலை வைத்துத் தூங்கிப்போனாள். இனி எடுக்க நினைத்தாலும் முடியாது. வீட்டில் ஒருத்தி தூங்குகிறாளா என்று தெரியாமல், மடியில் ஒருத்தியை வைத்துக்கொண்டு, காலை ஆட்டக்கூட வழியில்லாமல் இருந்தேன்.

இரண்டு மணிக்குச் சாவியைச் சத்தமில்லாமல் திருகிக் கதவைத் திறந்தேன். வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை பாயை விட்டு வெளியே, உள்ளங்கை மேலே பார்த்தபடி. போன் அலமாரியின் மேல்தட்டில், எட்டாத இடத்தில் இருந்தது. பாப்பா "அம்..." என்று ஆரம்பித்தாள். அவள் வாயைப் பொத்தி அப்படியே வெளியே தூக்கி வந்துவிட்டேன்.

லைன் வீட்டு வாசலில் மூன்றேகால் வரை உட்கார்ந்திருந்தோம். உள்ளே அசைவே இல்லை. டியூஷனுக்கு நேரமாகிவிட்டது. எழுப்பலாமா? கதவில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். பையில் இருந்த கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, "ரெண்டு பேரும் டியூஷன்ல" என்று எழுதி, உள்ளே போய் அலமாரியில் போனுக்கு அடியில் செருகிவிட்டு வந்தேன். பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

சென்டர்காரர் பாப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது எத்தனாவது சார்?" என்றார். பத்தாம் வகுப்புக்கு இருபடிச் சமன்பாடு. பாப்பா கரும்பலகையின் கீழ்ப்பாதியை எடுத்துக்கொண்டாள், நான் மேல்பாதியில் போட்டேன். நான் ஒரு வரி எழுதினால் அவளும் குனிந்து ஒரு கோடு இழுப்பாள். பிள்ளைகள் அவள் பக்கத்தைத்தான் நோட்டில் எழுதுவதுபோல் பாவனை செய்து சிரித்தார்கள்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. வராந்தாவுக்கு ஓடினேன். குரல் கரகரவென்று, எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

"மணி ஆறுன்னு காட்டுது."

"ஆமா."

"காலைலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம்" என்றேன். "பாப்பா என்கிட்டதான் இருக்கா. பேப்பர் எழுதி வெச்சேன், பாக்கலியா?"

பாத்திரம் நகரும் சத்தமோ, தண்ணீர்ச் சத்தமோ கேட்கும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும் வந்தது.

"கம்பெனி பஸ் வர்றதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்குதே" என்றாள். "நான் கொஞ்சம் படுத்துக்கறேன்."